பழசானால் மட்டும் போதுமா?

மேல்பட்டாம்பாக்கம், நெல்லிக்குப்பம், பண்ருட்டிப் பக்கத்து வீடுகள் பலவற்றுக்குப் புதுச்சேரியில் உறவு உண்டு. அந்தப் புதுச்சேரி உறவில் யாராவது ஒருவர் பிரான்சில் இருப்பார். அவர் ஊருக்கு வந்து கொடுத்துவிட்டுப் போகிற பொருள்களில் சில நேரம் ஒரு சிவப்பு ஒயின் பாட்டிலும் இருக்கும். குடிக்கிற பழக்கம் இல்லாத வீடு என்றால் அது நேராக ஷோகேசில் ஏறி, பொம்மைகளுக்கும் பிள்ளைகள் வாங்கிய கோப்பைகளுக்கும் நடுவே நிற்கும். “இருக்கட்டும், ஒயின் பழசாகப் பழசாகத்தான் நல்லது” என்று யாராவது சொல்வார்கள். இந்த ஒரு வாக்கியத்தைத்தான் இன்று நாம் நிதானமாகப் பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

இதற்காக யாரும் ஒயின் குடிக்க வேண்டியதில்லை. ஒயினை மதிப்பிடுவதையே தொழிலாகக் கொண்டவர்கள்கூட வாயில் வைத்துச் சுவை பார்த்துவிட்டுத் துப்பிவிடுகிறார்கள். மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. நமக்கு வேண்டியது ஆர்வமும் ஒரு டம்ளர் டீயும் மட்டுமே. பால் ஊற்றாமல், தூளைக் கொஞ்சம் கூடுதலாகக் கொதிக்கவிட்டு இறக்கிய டீயாக இருக்கட்டும்.

முதல் வாய் குடித்ததும் என்ன நடக்கிறது என்று கவனிப்போம். ஈறும் கன்னத்தின் உட்புறமும் வறண்டு போகின்றன, நாக்கு சொரசொரப்பாகிறது. இந்தத் துவர்ப்பைத் தருகிற பொருள்களின் குடும்பத்துக்கு டானின் என்று பெயர். நம் எச்சிலில் வாயை வழவழப்பாக வைத்திருக்கிற புரதங்கள் இருக்கின்றன. டானின் அந்தப் புரதங்களைப் பிடித்துக் கட்டிவிடுகிறது. வழவழப்பு போனதும் வாய் உலர்ந்துவிட்டதாகத் தோன்றுகிறது. இப்போது அதே டீயில் கொஞ்சம் பால் ஊற்றிக் குடித்துப் பாருங்கள். துவர்ப்பு பெரும்பாலும் அடங்கியிருக்கும். டானினுக்குப் பாலிலேயே புரதம் கிடைத்துவிட்டது. எச்சிலைத் தேடி அது வர வேண்டியதில்லை. பண்ருட்டிப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு முந்திரிப் பழம் தொண்டையைப் பிடிப்பது தெரிந்திருக்கும். அதுவும் டானினின் வேலைதான்.

சிவப்பு ஒயினில் டானின் திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருகிறது. கறுப்புத் திராட்சையை உரித்துப் பிழிந்தால் சாறு வெளிறித்தான் இருக்கும். நிறம் தோலில் இருக்கிறது. ஆகவே சாற்றைத் தோலோடும் விதையோடும் சேர்த்தே புளிக்க விடுகிறார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிற அந்த ஒன்றிரண்டு வாரத்தில் தோலின் நிறமும் டானினும் சாற்றில் இறங்குகின்றன. டீத்தூளைப் போலத்தான்: எவ்வளவு நேரம், எவ்வளவு சூட்டில் ஊறியது என்பதைப் பொறுத்துக் கடுமை கூடும், குறையும். பிறகு ஓக் மரப் பீப்பாயில் ஓராண்டோ ஒன்றரை ஆண்டோ வைத்தால் மரத்திலிருந்தும் கொஞ்சம் டானின் சேரும். கிராம்பும் வெனிலாவும் கலந்த வாசனையும் சேரும்.

எடுத்துக்காட்டாக, மெர்லோ என்ற திராட்சையில் செய்த ஒயினை எடுத்துக்கொள்வோம். பிரான்சின் போர்தோ பகுதியில் மிக அதிகமாகப் பயிராகும் திராட்சை இதுதான். இதற்குக் கேபர்நே சோவிஞ்ஞோன் என்று ஒரு நெருங்கிய உறவு உண்டு; இரண்டுக்கும் கேபர்நே பிரான் என்கிற திராட்சைதான் ஒரு பெற்றோர் என்று மரபணு ஆய்வில் தெரிந்தது. மெர்லோ அந்த உறவைவிட முன்னதாகவே பழுத்துவிடும். பழம் சற்றுப் பெரிது, தோல் மெலிது. அதனால் டானின் கொஞ்சம் மென்மையாக இருக்கும், பழச்சுவை தூக்கலாக இருக்கும். குடிக்க இதமான ஒயின் என்ற பெயர் மெர்லோவுக்கு வந்தது இப்படித்தான். நாள்பட வைத்தால் தாங்காது என்ற சந்தேகமும் அதே காரணத்தால் ஒட்டிக்கொண்டது.

அந்தச் சந்தேகத்துக்குப் பதில் மண்ணில் இருக்கிறது. போர்தோவில் தோர்தோஞ் ஆற்றின் வலக்கரையில் பொமெரோல், சேன்ட் எமிலியோன் என்று இரண்டு பகுதிகள். அங்கே பல இடங்களில் களிமண். களிமண் நீரைப் பிடித்து வைத்திருக்கும், குளிர்ச்சியாகவும் இருக்கும். அவசரமாகப் பழுக்கிற மெர்லோவை அது கொஞ்சம் நிதானப்படுத்துகிறது. தோல் முற்றிப் பழுக்க நேரம் கிடைக்கிறது. புளிப்பு முழுக்கக் கரைந்து போவதில்லை. பொமெரோலில் உள்ள பெட்ரூஸ் தோட்டம் மொத்தமே சுமார் 28 ஏக்கர்தான். கீழே நீலக் களிமண், மேலே ஏறக்குறைய முழுவதும் மெர்லோ. நல்ல ஆண்டில் அங்கே செய்த ஒயின் முப்பது, நாற்பது ஆண்டுக்குப் பிறகும் உயிரோடு இருக்கிறது.

இப்போது பாட்டிலுக்குள் போவோம். மூடிய பாட்டிலில் ஒயின் சும்மா இருப்பதில்லை. டானின்கள் ஒன்றோடொன்றும் நிறமிகளோடும் சேர்ந்து பெரிய மூலக்கூறுகளாகின்றன. அவற்றில் ஒரு பகுதி கனம் தாங்காமல் வண்டலாகப் படிகிறது. நிறம் மாறுகிறது, வாயைப் பிடிக்கிற கடுமை குறைகிறது. பழ வாசனை மெல்ல மங்க, புதிய வாசனைகள் பிறக்கின்றன: பதப்படுத்திய தோல், புகையிலை, காளான், மழை பெய்த மண். கார்க் வழியாக மிகச் சிறிதளவு ஆக்சிஜன் உள்ளே போய் இதற்குத் துணை செய்கிறது. அதே ஆக்சிஜன் அளவு மீறினால் ஒயினைக் கெடுத்தும் விடும்.

பலரும் தவறாகப் புரிந்துகொள்கிற இடம் இங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் நின்று பார்ப்போம். வயது ஒயினுக்கு எதையும் கொண்டுவந்து சேர்ப்பதில்லை. தொடக்கத்தில் உள்ளே இருந்த பொருள்களை அது மாற்றுகிறது, அவ்வளவுதான். மாற்றுவதற்குப் போதுமான டானினும் புளிப்பும் பழச்சாரமும் இருந்தால், மாற்றம் நல்லதாக முடிய வாய்ப்பு உண்டு. இவை இல்லாத ஒயினை வைத்தால், இருக்கிற கொஞ்சம் பழவாசனையும் போய் வெறும் புளித்த நீர்தான் மிஞ்சும். லேசாக இறக்கிய டீயை நாள் முழுக்க வைத்திருந்தாலும் அது ஸ்ட்ராங் டீ ஆகாது அல்லவா? உலகில் விற்கிற ஒயினில் பெரும்பகுதி ஓரிரு ஆண்டுகளில், மிஞ்சினால் நாலைந்து ஆண்டுகளில் குடித்துவிடுவதற்காகவே செய்யப்படுகிறது. அது தரக்குறைவு ஆகாது. அதன் நோக்கமே அதுதான். நாள்பட வைக்கத் தகுந்தவை மிகச் சில.

அந்த மிகச் சிலவற்றுக்கும் ஒரு முடிவு உண்டு. இதற்குச் சான்று நமக்குப் பக்கத்து ஊரோடு சம்பந்தப்பட்ட வரலாற்றிலேயே இருக்கிறது. மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து கடலூர் வழியாகப் புதுச்சேரிக்குப் போகிற வழியில் அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறது. 1945-இல் மார்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்தார். இரண்டு கைப்பிடியும் குறுகிய அடியும் கொண்ட மத்தியதரைக் கடல் ஜாடிகளின் உடைந்த துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன. இத்தாலியிலிருந்தும் கிரேக்கத் தீவான கோஸிலிருந்தும் ஒயின் ஏற்றி வந்த ஜாடிகள் அவற்றில் உண்டு என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் அடையாளம் கண்டார்கள். புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் யவனர் கொண்டுவந்த மதுவை நக்கீரர் குறிப்பிடுவதோடு இந்த ஓடுகள் அழகாகப் பொருந்துகின்றன.

அந்த யவனர் உலகத்தில் மிகப் புகழ்பெற்ற பழைய ஒயின் ஒன்று இருந்தது. கி.மு. 121-இல் ஒப்பிமியஸ் ரோமின் ஆட்சித் தலைவராக இருந்த ஆண்டில் விளைந்தது. ரோமின் பணமெல்லாம் இந்தியச் சரக்குக்குப் போகிறதே என்று வருந்திய ரோம எழுத்தாளர் பிளினி, இந்த ஒயினைப் பற்றியும் எழுதியிருக்கிறார். ஏறக்குறைய 200 ஆண்டு ஆன பிறகும் அது இருந்ததாம். ஆனால் கசக்கிற தேனைப் போல இறுகிப் போயிருந்ததாம். தனியாகக் குடிக்க முடியாது. வேறு ஒயினுக்கு மணம் கூட்டச் சிறிது கலப்பார்கள். பேரும் விலையும் உச்சத்தில் இருந்தன. குடிக்கிற பொருள் என்ற தகுதி எப்போதோ போய்விட்டது.

நம் ஊர் வெயில் இந்த முடிவை இன்னும் வேகமாகக் கொண்டுவரும். நாள்பட வைக்கிற ஒயினுக்கு 12, 13 டிகிரி வெப்பமும் இருட்டும் வேண்டும். கார்க் காயாமல் இருக்கப் பாட்டிலைப் படுக்க வைக்க வேண்டும். கடலூர் மாவட்டத்தில் கோடைப் பகலில் வீட்டுக்குள்ளேயே 35 டிகிரியைத் தொட்டுவிடும். அந்தச் சூட்டில் பாட்டிலுக்குள் நடக்கிற மாற்றங்கள் வேகம் எடுக்கும். குளிரில் நடக்காத வேறு மாற்றங்களும் தொடங்கும். நின்றபடி இருக்கிற கார்க் உலர்ந்து சுருங்கும், காற்று புகும். ஒன்றிரண்டு கோடையிலேயே ஒயினில் காய்ச்சிய ஜாம் வாசனை ஏறிவிடும். அது முதிர்ச்சி ஆகாது, வெந்து போனதுதான். பாட்டிலின் வயதை மட்டும் பார்க்கிறவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. எங்கே, எப்படி இருந்தது என்று கேட்கிறவருக்குத் தெரியும்.

சரி, நல்லபடியாக வைத்திருந்த ஒரு பாட்டில் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதை எப்படி எடைபோடுவது? முதல் வேலை கண்ணுக்கு. கிளாஸில் கால்வாசி ஊற்றி, ஒரு வெள்ளைத் தாளுக்கு மேல் சாய்த்துப் பிடிக்கிறோம். நடுவில் நிறம் எவ்வளவு ஆழம் என்று பார்த்துவிட்டு ஓரத்துக்கு வருகிறோம்; திரவம் மெலிந்து போகிற அந்த ஓரம்தான் வயதைச் சொல்லும். இளம் மெர்லோவில் அது கத்தரிப்பூ ஊதாவாக இருக்கும். சில ஆண்டுகளில் மாணிக்கச் சிவப்பாகும், பிறகு செங்கல் நிறம் ஏறும், கடைசியில் பழுப்பு. நாலே ஆண்டு ஆன ஒயினில் ஓரம் பழுத்திருந்தால் ஏதோ தவறு நடந்திருக்கிறது. இருபது ஆண்டு ஆகியும் நடுவில் சிவப்பு உறுதியாக நின்றால் இன்னும் சத்து இருக்கிறது.

அடுத்தது மூக்கு. கிளாஸை மெல்லச் சுழற்றினால் வாசனை எழும். முதலில் கெட்ட வாசனை உண்டா என்று பார்க்கிறோம். நனைந்த அட்டைப்பெட்டி வாசனை அடித்தால் கார்க்கில் கோளாறு. வினிகர் அடித்தால் கிருமியின் வேலை. அப்படி எதுவும் இல்லை என்றால் நல்லதைத் தேடலாம். மெர்லோவில் பிளம், கறுப்புச் செர்ரி வாசனை வரும் என்று பிரெஞ்சுக்காரர்கள் எழுதுவார்கள். நமக்கு அந்தப் பழங்கள் பழக்கமில்லை என்றால் நாவற்பழம் என்றே குறித்துக்கொள்ளலாம். நம் மூக்குக்குத் தெரிந்த வாசனைதான் நம்பத்தக்க அளவுகோல். முக்கியமான கேள்வி வேறு: பழம் இன்னும் முன்னால் நிற்கிறதா, இல்லை தோலும் புகையிலையும் காளானும் முன்னால் வந்துவிட்டனவா? இரண்டும் சேர்ந்து நிற்கிற காலம்தான் பெரும்பாலோர் விரும்புகிற காலம். பழம் முழுக்க மறைந்துவிட்டால் ஒயின் இறங்குமுகத்தில் இருக்கிறது.

மூன்றாவது வாய். ஒரு மடக்கு எடுத்து வாய் முழுக்கப் பரவவிட்டு நான்கு விஷயங்களைத் தனித்தனியாகக் கவனிக்கிறோம். புளிப்பு எச்சிலைச் சுரக்க வைக்கும். டானின் அதற்கு நேர்மாறாக வாயை வறளச் செய்யும். அதைச் சற்று முன் டீயிலேயே பார்த்துவிட்டோம். ஆல்கஹால் தொண்டையில் சூடாக இறங்கும். பழச்சாரம் நாக்கின் நடுவில் நிறைவாக உட்காரும். டானினில் அளவோடு தரத்தையும் பார்க்க வேண்டும். முற்றாத தோலிலிருந்து வந்த டானின் கரகரப்பாக, பச்சையாக இருக்கும். எத்தனை ஆண்டு வைத்தாலும் அந்தப் பச்சை வாடை போவது அரிது. நன்கு முற்றிய தோலிலிருந்து வந்தது வாயைப் பிடித்தாலும் பட்டுப்போல் பிடிக்கும். மெர்லோவில் தேட வேண்டியது இந்த இரண்டாவது வகையை.

வாயில் இருப்பதைத் துப்பிய பிறகும் வேலை முடியவில்லை. சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று மனசுக்குள் எண்ணுகிறோம். மூன்று நான்கு விநாடியில் மறைந்தால் எளிய ஒயின். பத்து, பதினைந்து விநாடி தாண்டியும் பழத்தின் ருசி நின்றால் உள்ளே சாரம் நிறைய இருக்கிறது. எது நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பழம் மறைந்து துவர்ப்பு மட்டும் தங்கினால், நாளாக ஆகப் பழம் இன்னும் குறைந்து கடைசியில் வெறும் துவர்ப்பே மிஞ்சும் என்று ஊகிக்கலாம்.

புளிப்பு, டானின், ஆல்கஹால், பழச்சாரம் ஆகிய நாலும் ஒன்றுக்கொன்று ஈடுகொடுக்கின்றனவா என்பதுதான் மதிப்பீட்டின் சாரம். துவர்ப்பு கடுமையாக இருந்தால் நாள்பட நிற்கும், மென்மையாக இருந்தால் நிற்காது என்று அவசரப்பட்டுவிடக் கூடாது. 1982-இல் போர்தோவில் விளைந்த ஒயின் பீப்பாயில் இருக்கும்போதே தித்திப்பாகவும் மென்மையாகவும் இருந்தது. அமெரிக்க விமர்சகர்கள் சிலர் இது தாங்காது என்று ஒதுக்கினார்கள். வக்கீல் வேலை பார்த்துக்கொண்டே ஒயின் பத்திரிகை நடத்திய ராபர்ட் பார்க்கர், அந்த மென்மைக்கு அடியில் முற்றிய டானினும் பழச்சாரமும் நிறைய இருப்பதைக் கவனித்து, மகத்தான ஆண்டு என்று எழுதினார். அந்த ஆண்டின் நல்ல ஒயின்கள் பல பத்தாண்டுகள் நின்றன. பார்க்கரின் பெயர் உலகமெங்கும் பரவியது அந்த ஒரு கணிப்பால்தான்.

நாள்பட நிற்கிற ஒயினை நம் நாட்டில் செய்ய முடியுமா என்று கேட்கத் தோன்றும். பொமெரோலில் குடும்பத் தோட்டம் வைத்திருந்த, மெர்லோவை நன்றாக அறிந்த மிஷல் ரோலான், 1990-களிலேயே பெங்களூருக்குப் பக்கத்தில் நந்தி மலையடியில் குரோவர் தோட்டத்துக்கு ஆலோசகராக வந்தார். அங்கே பெயர் பெற்ற லா ரிசர்வ் என்ற ஒயினுக்குப் பயன்பட்டவை கேபர்நே சோவிஞ்ஞோனும் ஷிராஸும்; மெர்லோ அதில் இல்லை. வெப்ப நாட்டில் திராட்சை சீக்கிரம் இனித்துவிடுகிறது, புளிப்பு சீக்கிரம் கரைகிறது. நாள்பட நிற்கத் தேவையான சமன்நிலையைப் பிடிப்பது அதனால் கடினம். உயரமான இடமும் குளிர்ந்த இரவும் வேண்டும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை மணத்தில் யாருக்கும் குறைந்ததில்லை. அது கொடியிலிருந்து பறித்துத் தின்பதற்கே சிறந்தது. ஒவ்வொரு திராட்சைக்கும் ஒரு வேலை.

மதிப்பிடுகிறவர்களின் நாக்கு எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ஓர் அண்மைச் சான்று. 2019 நவம்பரில் பெட்ரூஸின் 2000-ஆம் ஆண்டு ஒயின் பன்னிரண்டு பாட்டில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனது. பதினான்கு மாதம் அங்கே இருந்துவிட்டு 2021 ஜனவரியில் திரும்பியது. மார்ச் மாதம் போர்தோவில் பன்னிரண்டு பேர் அமர்ந்து, எது எது என்று தெரியாமலே, அதையும் பூமியில் இருந்த அதே ஒயினையும் சுவைத்தார்கள். இரண்டும் அருமை என்றார்கள். நிறத்திலும் வாசனையிலும் சுவையிலும் வேறுபாடு இருப்பதாகவும் குறித்தார்கள். ஒயின் எழுத்தாளர் ஜேன் ஆன்சன், விண்வெளிக்குப் போனது இரண்டு மூன்று ஆண்டு கூடுதலாக முதிர்ந்ததுபோல் இருக்கிறது என்று கணித்தார். ஒரே தோட்டம், ஒரே ஆண்டு, காலண்டரில் ஒரே வயது. இருந்த இடம் வேறு, அதனால் முதிர்ச்சி வேறு.

இனி நாமே ஒரு குறிப்பு எழுதிப் பார்க்கலாம். பத்து ஆண்டு ஆன ஒரு பொமெரோல் நம் முன்னால் இருப்பதாக நினைத்துக்கொள்வோம். “நடுவில் ஆழ்ந்த மாணிக்கச் சிவப்பு, ஓரத்தில் செங்கல் நிறம் இப்போதுதான் தொடங்குகிறது. நாவற்பழ வாசனை முன்னால். பின்னால் லேசாகப் புகையிலை. புளிப்பு உயிரோடு இருக்கிறது. டானின் நிறைய, முற்றியது, இன்னும் கொஞ்சம் இறுக்கம். பன்னிரண்டு விநாடிக்கு மேல் பழம் நிற்கிறது. ஐந்து ஆண்டு கழித்துத் திறக்கலாம். இருபது ஆண்டுக்குள் குடித்துவிட வேண்டும்.” இதில் ஒவ்வொரு சொல்லும் எதைப் பார்த்து எழுதியது என்று இப்போது நமக்குத் தெரியும். எப்போது திறக்கலாம் என்பதைத் துவர்ப்பின் இறுக்கம் சொல்கிறது. எதற்குள் முடிக்க வேண்டும் என்பதைப் பழத்தின் கையிருப்பு சொல்கிறது. இந்த இரண்டாவது கெடுவையும் சேர்த்து எழுதினால்தான் மதிப்பீடு முழுமையாகும்.